பதினேழாம் எண் டோக்கன்

அத்தியாயம் 9

காலை ஐந்து நாற்பது. கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால், சைக்கிள் குழுவின் அறை வாசலில், லீலா தன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே எலைன் மேடத்துக்குக் கெடு வைத்தாள்.

“மூணாவது வளைவு வர்றதுக்குள்ள பேரச் சொல்லிடுங்கக்கா. இல்லன்னா எனக்குத் தெரிஞ்ச பேரே போதும்.”

அவளுக்குத் தெரிந்த பெயர் ராகேஷ். அவன் பத்தடி தள்ளி நின்று, ஒன்றும் அறியாமல், ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

எங்களிடம் வேறு பெயர் இல்லை. மூன்று வாரம் அலைந்தும் கிடைக்கவில்லை. மேடம் அதை மறைக்கவும் இல்லை. போகிற வழியில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, வாடகைக்கு எடுத்த லேடீஸ் சைக்கிளின் கூடையில் வழக்கு ஃபைலை வைத்தார். எலைன் மேடம் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை விசாரித்தவர். விபத்து என்று யாராவது சொன்னாலே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பேக்கரியின் மாடியில் அறை எடுத்துச் சொந்தமாகத் துப்பறிகிறார். நான் மனோகர், அவருடைய உதவியாளன். எனக்குத் தெரிந்த வேலைகள் இரண்டு. நேரத்தைக் குறித்துக்கொள்வது, வாயை மூடாமல் இருப்பது.

வழக்கு இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன், இதே ஜனவரியின் முதல் ஞாயிறு, இதே பயணம். கோரமண்டலில் கிளம்பி, பேத்தமங்களா ஏரிக்கரை வழியாக ஆந்திர எல்லை மலைக்காட்டுக்குப் போய், அங்கே வண்டிகளுக்குத் தடை போட்டுச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் விட்டிருக்கும் பசுமைப் பாதையில் ஏறி இறங்கித் திரும்புவது. அந்த இறக்கத்தின் மூன்றாவது வளைவில் லீலாவின் அண்ணன் வேந்தன் முப்பதடிப் பள்ளத்தில் விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நகர முடியவில்லை. மதியம் ஒன்றரைக்கு விழுந்தவன் மறுநாள் அதிகாலை இரண்டு மணி வரை உயிரோடு இருந்திருக்கிறான். டாக்டரின் அறிக்கை அப்படிச் சொல்கிறது. அந்த அறிக்கை லீலாவுக்கும் போலீசுக்கும் எங்களுக்கும் மட்டும் தெரியும். ஊருக்கு அவள் சொல்லவில்லை. வேந்தன் விழுந்த உடனே இறந்துவிட்டான் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

அத்தனை நேரமும் யாரும் அவனைத் தேடவில்லை. காரணம் ஒரு டோக்கன்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே இறங்குகிற ஒவ்வொருவரும் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். பலகையில் ஒரு ஆணி காலியாக இருந்தால் கீழே ஒரு ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். சைக்கிள் குழுவிலும் அதே ஏற்பாடு. பழைய பலகை, பழைய டோக்கன்கள். எல்லா ஆணியும் நிரம்பும்வரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது.

அன்றைக்கு மாலை எல்லா ஆணியும் நிரம்பியிருந்தது. பதினேழும் இருந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

காலையில் பதினேழை அண்ணன் கழுத்தில் போட்டு அனுப்பியதே லீலாதான். ஆகவே விழுந்து கிடந்தவனின் கழுத்திலிருந்து யாரோ அதைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறார்கள். யார்? போலீஸ் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. லீலா தானே பதிலும் வைத்துக்கொண்டாள். அந்தப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பஜாரில் எல்லோர் முன்னாலும் வேந்தனின் சட்டையைப் பிடித்து, மலையில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் ராகேஷ். பெங்களூரில் இரவு ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் சைக்கிள் பழகியிருக்கிறாள் லீலா. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

டோக்கன் வாங்க ஜன்னலுக்குப் போனேன். உள்ளே அப்பாதுரை உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் டோக்கன் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர். பலகையை ஏலத்தில் எடுத்துக் காப்பாற்றியவரும் அவர்தான். ஒவ்வொரு ஆணிக்கும் கீழே டோக்கன் அளவுக்குக் குழி செதுக்கியிருந்தது. பொருத்திவிட்டால் அசையாது. நான்காம் எண் மட்டும் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு வெறும் பித்தளையாகத் தெரிந்தது.

“நாலு இன்னா ஐயா, கோச்சிக்கினு திரும்பிக்கிச்சா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அது போன வாரம் இறந்த எட்மண்டின் எண்ணாம். ஆள் செத்தால் முப்பது நாளைக்கு டோக்கனைத் திருப்பி மாட்ட வேண்டும் என்பது அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த ஆபீசரின் பழக்கம். வேறு எந்தச் சுரங்க ஷாப்டிலும் கிடையாது, அவர் ஆபீசில் மட்டும்தான். “ஆளே இல்லன்னா, நம்பர் மட்டும் யாரப் பாக்கப் போவுது?” என்று சொல்லி ஒன்பதாம் எண்ணை என் கையில் வைத்தார்.

அவர் மகன் அனில்தான் பயணத்துக்குத் தலைவன். அரசு வேலை. பங்காருபேட்டையில் குவார்ட்டர்ஸ். ஆறு மணிக்கு விசில் ஊதினான். இருபது சைக்கிள்கள் கிளம்பின.

பேத்தமங்களா ஏரிக்கரை வரைக்கும் மேடம் சமாளித்தார். அதற்குப் பிறகு ரோடு ஆந்திராவைப் பார்த்து ஏற ஆரம்பித்ததும் அவர் மூச்சு எனக்குக் கேட்டது. என் தாத்தா ஷாப்டில் ஏழாயிரம் அடி இறங்கியதே இதைவிடச் சுலபம், அவருக்காவது இறக்கிவிட ஒரு கேஜ் கூண்டு இருந்தது என்றேன். மேடம் மூச்சை மிச்சப்படுத்தினார்.

பத்தேகாலுக்கு மலையடிவாரத்து டீக்கடை. பசுமைப் பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. வண்டிகள் நுழையாதபடி நான்கு சிமெண்ட் தூண்கள், அதற்கப்பால் மூங்கில். மேடம் நேராக ராகேஷ் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் பேசினார். அவன் எதையும் மறுக்கவில்லை. சட்டையைப் பிடித்தது உண்மை, சொன்னதும் உண்மை. தன்னிடம் இரவல் வாங்கிய சைக்கிளின் கியரை உடைத்துவிட்டு வேந்தன் சொல்லாமல் கொண்டுவந்து நிறுத்தியதால் வந்த சண்டை. பயணத்துக்கு முந்தின நாளே சமாதானமாகிவிட்டார்களாம். அது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை.

பிறகு அவனாகவே போனை எடுத்தான்.

“அன்னிக்கி சாயந்தரம் நாங்க இளிச்சுக்கினு போட்டோ எடுத்துக்கினோம் மேடம். அவன் அங்க கெடந்திருக்கான். இத அழிக்கணும்னு தினம் நெனைக்கிறேன். கை வரல.”

பலகைக்கு முன்னால் பதினைந்து பேர், எல்லாப் பற்களும் தெரிய. நேரம் 5.22. படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார் மேடம். ராகேஷ் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு தூண்களுக்கு நடுவே சைக்கிளை ஓட்டிப் போனான். அரை நிமிடம் கழித்து லீலா போனாள். போகும்போது மேடத்தைப் பார்த்தாள். மேடம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முகத்த விடு. பின்னாடி பலகையப் பெரிசு பண்ணி நம்பர படி.”

படித்தேன். அன்றைக்குப் போனவர்கள் இருபத்திரண்டு பேர். இருபத்தோரு எண்கள் தெரிந்தன. ஒரு டோக்கனில் எண் இல்லை. நான் எண்ணியது தப்பாக இருக்கும் என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். வழக்கமாக நான் எண்ணுவது தப்பாகத்தான் இருக்கும். இந்தத் தடவை இல்லை. பதினேழு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பித்தளை.

மேடம் ஃபைலைப் புரட்டி மறுநாள் போலீஸ் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தார். அதில் பதினேழு மற்ற எண்களைப் போல நேராக இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

“ராகேஷ் இல்ல. போ. அவ அந்த வளைவுக்குப் போறதுக்குள்ள சொல்லு. வேற பேர் கேட்டா சொல்லாத.”

“எனக்கே தெரியாதே மேடம்.”

“அதனாலதான் ஒன்ன அனுப்பறேன்.”

ஐந்து கிலோமீட்டர் ஏற்றம். அந்தப் பாதையை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். பார்த்தது முன்சக்கரத்தை மட்டும்தான். பாதையில் காய்ந்த யானைச் சாணம் வந்தது, சுற்றிப் போனேன். மூங்கில் முடிந்து ஆச்சா மரங்கள் வந்தன. சாய்வு அதிகமாக அதிகமாகக் காட்டில் சத்தம் குறைந்தது. உச்சியில் தண்ணீர் குடிக்க நிற்கவில்லை. இறக்கம் தொடங்கியது.

முதல் வளைவில் யாருமில்லை. இரண்டாவது வளைவைத் திரும்பியதும் பார்த்தேன். முன்னால் ராகேஷ். அவனுடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் லீலா. அவள் பிரேக்கைத் தொடவே இல்லை. வேந்தனுடைய சைக்கிளின் பின்சக்கரத்தில் இன்னொரு டயர் உரசிய கறுப்புத் தடம் இருந்தது. அதை எங்களுக்குக் காட்டியதே அவள்தான். ஒரு தட்டுப் போதும். இடதுபக்கம் சுவர் கிடையாது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காற்று அதைப் பின்னால் கொண்டுபோய்விட்டது. அந்த நேரத்தில் எனக்கு ஓர் எண்ணம் வந்தது, எழுத வெட்கமாக இருக்கிறது. நான் படத்தில் எண்ணியது தப்பாக இருந்தால்? மேடம் நினைப்பது தப்பாக இருந்தால்? ஒரு கொலைகாரனைக் காப்பாற்றுவதற்காகவா இத்தனை வேகம்? இருந்தாலும் பிரேக்கை விட்டேன். இடதுபக்கமாக நுழைந்து என் ஹேண்டில்பாரை அவளுடையதன் மேல் சாய்த்தேன். இரண்டு சைக்கிளும் மலைப்பக்கத்து மண்ணில் போய் விழுந்தன. ராகேஷ் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூன்றாவது வளைவைத் தாண்டிப் போனான்.

என் முழங்கையில் தோல் இல்லை. அவளுக்கு உதடு கிழிந்திருந்தது.

“அவன் இல்ல” என்றேன்.

“அப்ப யாரு?”

“மேடம் சொல்லுவாங்க. சாயந்தரம் வரைக்கும் டைம் குடு.”

“ரெண்டு வருசம் குடுத்தேனே, பத்தலயா?” என்று சொல்லி ரத்தத்தைத் துப்பினாள். பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். “செரி. டோக்கன் மாட்டுற வரைக்கும். அதுக்கு மேல நீ குறுக்க வந்தீன்னா ஒன்னயும் சேத்துத்தான்.”

கடைசி ஆளாக வந்த அனில் எங்களைப் பார்த்து இறங்கினான். மருந்துப் பெட்டியைத் திறந்து என் முழங்கையைத் துடைத்துக் கட்டுப்போட்டான். நல்ல கை. கட்டு இறுகவில்லை, நழுவவுமில்லை. லீலாவுக்குப் பஞ்சு கொடுத்து, இந்த இடத்தில் நிற்க வேண்டாம், வா என்றான். அவள் நகராததால் ஆறுதலும் சொன்னான். விழுந்த கொஞ்ச நேரத்திலேயே வேந்தன் போயிருப்பான், வலி தெரிந்திருக்காது என்று. எல்லோரும் அவளிடம் சொல்கிற ஆறுதல்தான். ஆனால் பேசின நேரம் முழுக்க அவன் பள்ளத்துப் பக்கம் திரும்பவே இல்லை. நேரம் 12.50 என்று குறித்துக்கொண்டேன். ஏன் குறித்தேன் என்று தெரியவில்லை.

மாலை நாலரை மணிக்குக் கோரமண்டல் திரும்பினோம். மேடம் எங்களுக்கு முன்பே வந்து ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தார். தக்காளி ஏற்றி வந்த கூட்ஸ் ஆட்டோவில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். அவர் சேலையில் தக்காளி வாசனை அடித்தது. மலையேறாமல் ரசம் வைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

ஒவ்வொருவராக டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ராகேஷ் போனான். கடைசியில் நாங்கள் ஐந்து பேர் மிஞ்சினோம். பலகையடியில் அப்பாதுரை. சாவிக்கொத்தோடு கதவருகே அனில். மேடம், லீலா, நான்.

மேடம் போனை அப்பாதுரையின் முன்னால் வைத்தார். பதினேழைப் பெரிதாக்கிக் காட்டினார். ரெண்டு வருஷமாக எல்லோரும் உங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம், பதினேழை யார் கொடுத்தது என்று, நீங்களும் கும்பலில் பார்க்கவில்லை என்றே சொன்னீர்கள், நாங்கள் தப்பான கேள்வியைக் கேட்டுவிட்டோம் என்றார். அவர் குரல் இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்புகிற குரல்தான்.

அப்பாதுரை படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். “காத்துல திரும்பியிருக்கும்மா.”

நான் எழுந்து போய் எட்மண்டின் நான்காம் எண்ணை விரலால் சுண்டினேன். குழிக்குள் அசையவில்லை.

“செத்தவங்களுக்குத்தான் திருப்புவோம்னு காலைல இவன்கிட்ட சொன்னீங்க” என்றார் மேடம். “உங்க ஆபீஸ்ல மட்டும் இருந்த பழக்கம். வேற ஒருத்தருக்கும் தெரியாது. அஞ்சு இருபதுக்குள்ள திருப்பி மாட்டிட்டீங்க. ராத்திரி யாரும் இல்லாதப்ப தப்பு தெரிஞ்சு நேரா மாட்டிட்டீங்க. ஆனா அஞ்சு இருபதுக்கு வேந்தன் சாகல ஐயா. அவன் செத்தது ரெண்டு மணிக்கு.”

பதில் கதவுப் பக்கமிருந்து வந்தது.

“எந்த ரெண்டு மணி?”

அனில். சாவிக்கொத்து அவன் கையில் இல்லை, தரையில் கிடந்தது.

மேடம் ஃபைலிலிருந்து டாக்டரின் அறிக்கையை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் வாசித்தான். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன்தான், ஆனாலும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தான். முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

“நீ ஆள் அனுப்பினேன்னு சொன்னப்பா. ரெண்டு பேர் பைக்ல போனாங்க, ஏழு மணிக்கு அங்க போனப்பவே உசுரு இல்லன்னு வந்து சொன்னாங்கன்னு சொன்ன. அவன் உசுரோட இருந்தான்னு நான் ஒன்கிட்ட சொன்னேன் இல்ல? டோக்கனைக் குடுத்தப்ப இன்னா சொன்னேன்? பேசறான்பா, தண்ணி கேக்கறான், சீக்கிரம் அனுப்புன்னு சொன்னேன் இல்ல?”

இப்படித்தான் தெரியவந்தது. இறக்கத்தில் இருவரும் போட்டி போட்டிருக்கிறார்கள். அனிலின் சக்கரம் தட்டிவிட்டது. போன் எடுக்காத காடு. வேந்தனே டோக்கனைக் கழற்றிக் கொடுத்து, இதைக் காட்டினால் உன் அப்பா உடனே ஆள் அனுப்புவார் என்று சொல்லியிருக்கிறான். பயத்தில் வழியில் யாரிடமும் வாயைத் திறக்காமல், நிறுத்தாமல் மிதித்து வந்து ஜன்னலில் கொடுத்தான் அனில். அந்த மாதம்தான் அவனுக்கு வேலைக்கான ஆர்டர் வந்திருந்தது. வேலையில் சேர்க்கும் முன் ஆளைப் பற்றி நடக்கும் போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. மறுநாள் காலை ரயிலில் அப்பா அவனைப் பயிற்சிக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்.

“பத்து வருசம் பரிட்ச எழுதினவன்மா இவன்” என்றார் அப்பாதுரை, மேடத்திடம். மகனைப் பார்க்கவில்லை. “அந்தப் பையன் வந்து வாயத் தொறந்தா எல்லாம் போச்சு. மாட்டறப்ப நான் ஒண்ணும் நெனைக்கல. கை தானா திருப்பிடுச்சு.”

நான் லீலாவைப் பார்த்தேன். இரண்டு வருடம் அவள் தேடியது ஒரு கழுத்தை. கிடைத்துவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில், அறுபத்தாறு வயதில், நரம்பு தெரிய. ஒரு அடி எடுத்து வைத்தால் நான் தடுத்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் எடுத்து வைக்கவில்லை. அப்பாதுரையைக்கூடப் பார்க்கவில்லை. அனில் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வையை மட்டும் பார்த்தாள். அதை நன்றாகப் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

“இத இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுவியா அனில்?”

“சொல்றேன்.”

“வேல போயிடும்.”

“தெரியும். எல்லாத்தயும் சொல்றேன். அவர் சொன்னதயும்.”

அப்போதுதான் அப்பாதுரை முதல் தடவையாகத் தலையைத் தூக்கி மகனைப் பார்த்தார். அனில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மேடம் போனை எடுத்து இன்ஸ்பெக்டரின் எண்ணைத் தேடினார். லீலா அவர் மணிக்கட்டின் மேல் கை வைத்தாள். அழுத்தவில்லை.

“அவசரம் இல்லக்கா. ஸ்டேஷன் எங்க போவப் போவுது? ரெண்டு மணிக்குக் கூப்பிடலாம்.”

“லீலா.”

“அன்னிக்கி இவரு டோக்கன மாட்டினப்ப அஞ்சு பத்து இருக்குமாக்கா? இப்பவும் அதுதான் மணி. அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். கதவு தொறந்துதான் இருக்குது. யாராவது வருவாங்களா மாட்டாங்களான்னு பாத்துக்கினு உக்காந்திருக்கட்டும்.” பெஞ்சை இழுத்து அப்பாதுரையின் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். “உக்காருங்க மாமா.”

அவர் உட்கார்ந்தார்.

மேடம் சட்டம் தெரிந்தவர். இருபது வருடத்தில் ஒரு ஃபாரம்கூடத் தாமதமாக அனுப்பாதவர். போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

வெளியே மாரிக்குப்பம் ரயில் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. பேசிக்கொண்டே சிலர் வாசலைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு காலடிக்கும் அப்பாதுரையின் தலை கதவுப் பக்கம் திரும்பியது. யாரும் உள்ளே வரவில்லை. ஆறரை மணிக்கு அவர் உதட்டை நக்கிக்கொண்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார்.

என் பாட்டிலில் பாதி இருந்தது. நான் லீலாவைப் பார்த்தேன்.

“அவனும் கேட்டான்” என்றாள்.

நான் பாட்டிலை மூடினேன்.